வார இறுதியில் தங்க வரும் விருந்தினருக்காக வீட்டையும் சமையலையும் ஆயத்தப்படுத்துவது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பும் விருந்தினருக்கு நாம் ஏற்பாடு செய்ய வேண்டியவை இரண்டு இரவுத் தூக்கமும் ஆறு வேளைச் சாப்பாடும் ஆகும். வெள்ளி இரவு, சனிக்கிழமை மூன்று வேளை, ஞாயிறு காலையும் மதியமும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு மனத்தில் பதிகிறது. பெரும்பாலான வீடுகளில் இவற்றுள் ஒரே ஒரு வேளைக்குத்தான் திட்டமிடுகிறார்கள். ஒரு பெரிய விருந்தை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருவதோடு சரி, மற்ற ஐந்து வேளைகளும் அந்தந்த நேரத்துப் பதற்றத்தில் தீர்மானமாகின்றன. வீட்டின் கதையும் இதுதான். கூடம் பளபளவென்று இருக்கும். விருந்தினர் எட்டு மணி நேரம் படுத்திருக்கப் போகும் அறையிலோ செல்பேசிக்குச் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் இருக்காது. ஆகவே இங்கே சொல்லப்படும் எல்லா வேலைகளுக்கும் இரண்டே நோக்கங்கள்தாம். சின்னச் சின்னத் தேவைகளுக்கெல்லாம் விருந்தினர் நம்மிடம் வந்து கேட்டு நிற்கும்படி ஆகக்கூடாது. அவர் வந்த பிறகு நாம் அடுப்படியிலேயே அடைந்து கிடக்கும்படியும் ஆகக்கூடாது.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

“என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டால் “எதுவானாலும் சரி” என்ற பதில்தான் வரும். மரியாதைக்காகச் சொல்லப்படும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. “எதைச் சாப்பிட மாட்டீர்கள்? எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது?” என்று கேட்பதே பயன் தரும். பிடிக்காதது வேறு, ஒவ்வாதது வேறு. கத்தரிக்காய் பிடிக்காதவர் அதை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவார். நிலக்கடலை ஒவ்வாதவருக்கு அது பட்ட கரண்டியே ஆபத்தாகலாம். நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள், மீன், இறால் நண்டு வகைகள் ஆகியவையே பெரும்பாலான உணவு ஒவ்வாமைகளுக்குக் காரணமானவை. எனவே இவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அதே அழைப்பிலேயே மற்ற கேள்விகளையும் முடித்துக்கொள்ளுங்கள். நான்கு நாள்களில் நான்கு முறை அழைத்தால், வருபவருக்கே நாம் தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற கூச்சம் வந்துவிடும். வழியில் தாமதமானாலும் எத்தனை மணிக்குள் வந்து சேருவார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், காலையில் வழக்கமாக எப்போது எழுவார், மாடிப்படி ஏறுவதில் சிரமம் உண்டா, நாய் பூனை இருக்கும் வீட்டில் தும்மலோ மூச்சிரைப்போ வருமா, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து ஏதேனும் கொண்டுவருகிறாரா என்பவை முக்கியமானவை. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இன்னும் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அதை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. ஆகவே ஃப்ரீசர் பெட்டியை ஒட்டிய மேல்தட்டின் பின்பக்கத்தைத் தவிர்த்து, நடுத்தட்டில் ஒரு சிறிய டப்பாவுக்கு இடம் ஒதுக்கிவையுங்கள்.

படுக்கும் அறை

அறையைச் சரிபார்க்க ஒரே நல்ல வழி, இருட்டிய பிறகு அந்தக் கட்டிலில் நீங்களே கால் மணி நேரம் படுத்துப் பார்ப்பதுதான். பகலில் நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாதவை அப்போது தெரியும். தெருவிளக்கின் வெளிச்சம் திரைச்சீலையின் இடுக்கு வழியாக நேராகக் கண்ணில் விழும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டிக்கென்று ஒலிக்கும். விளக்கை அணைக்கக் கதவு வரை நடந்துபோய் இருட்டில் தட்டுத்தடுமாறித் திரும்ப வேண்டியிருக்கும். நிலைக்கண்ணாடியில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஆடும். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரு துணி கிளிப், ஒரு சொட்டு எண்ணெய், படுக்கையருகில் ஒரு சிறு விளக்கு ஆகியவற்றைக் கொண்டே சரிசெய்துவிடலாம்.

படுக்கை விரிப்பும் தலையணை உறைகளும் அலமாரியில் மாதக்கணக்கில் மடித்து வைத்தவையாக இருந்தால், அவை துவைத்தவையே ஆனாலும் மறுபடி துவைத்துக் காயவைப்பது நல்லது. துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தூசிப் பூச்சிகள் அந்தச் சூட்டில் இறந்துவிடுகின்றன, சூடில்லாத தண்ணீரில் துவைத்தால் அவற்றில் பல பிழைத்துக்கொள்கின்றன. மெத்தையை நிமிர்த்திவைத்து அரைநாள் காற்றாட விட வேண்டும். தலையணை விஷயத்தில் ஒருவருக்கு ஒன்று போதாது: தடிமனாக ஒன்று, மெலிதாக ஒன்று என்று இரண்டு இருந்தால், கழுத்துவலிக்காரர் தமக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வார். கால்மாட்டில் ஒரு போர்வையைக் கூடுதலாக மடித்துவைத்துவிட்டால், நள்ளிரவில் குளிரெடுத்தபோது யாரையும் எழுப்ப வேண்டியிராது.

விருந்தினர் அறை என்ற பெயரில் பல வீடுகளில் இருப்பது, வேண்டாத சாமான்களைப் போட்டுவைக்கும் கிடங்குதான். அதை முழுவதும் காலி செய்ய முடியாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு அலமாரித் தட்டு, நான்கைந்து ஹேங்கர்கள், பெட்டியைத் திறந்து வைக்க ஒரு ஸ்டூல் அல்லது மேசை, இந்த மூன்றும் காலியாக இருந்தால் போதும். பெட்டியைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து துணி எடுக்கும் நிலை வயதானவர்களுக்குப் பெரும் சிரமம். கையெட்டும் தூரத்தில் எக்ஸ்டென்ஷன் கார்டு, ஒரு பாட்டில் குடிநீர், மூடியிட்ட டம்ளர், சிறிய குப்பைக்கூடை, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவை இருக்கட்டும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்.

தனி அறை இல்லாமல் கூடத்தில் படுக்கை போடும் வீடுகளும் உண்டு. அங்கே மெத்தையைவிட முக்கியமானது, மற்றவர்கள் அந்த வழியே எப்போது நடமாடுவார்கள் என்பது. அதிகாலையில் எழும் பழக்கம் உள்ளவர் மிக்ஸி போடாமலும் விளக்கெரிக்காமலும் இருக்க, தமக்கு வேண்டியவற்றை முந்தின இரவே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். இரவில் கடைசியாகத் தொலைக்காட்சி பார்ப்பவர் இந்த இரண்டு நாள்களுக்கு அதை விட்டுக்கொடுக்க வேண்டும். விருந்தினர் துணி மாற்றவும் சற்றுத் தனியாக இருக்கவும் எந்த அறையைப் பயன்படுத்தலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவரைத் தரைப்படுக்கையில் படுக்கவைப்பதைவிட, வீட்டுக்காரர் தம் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் கூடத்தில் படுப்பதே மேல். வேண்டாம் வேண்டாமென்று அவர் மறுப்பார். வருவதற்கு முன்பே விரிப்பை மாற்றித் தயாராக வைத்துவிட்டால் அந்த வாதம் நீளாது.

குளியலறை

அதிகம் புழங்காத குளியலறையில் சாக்கடை வாடை வந்தால், உடனே பினாயிலைக் கொட்டத் தொடங்க வேண்டாம். தரையின் வடிகாலுக்கும் வாஷ்பேசினுக்கும் கீழே வளைவாக ஒரு பகுதி உண்டு. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் வாயு மேலே வராமல் தடுக்கிறது. பல வாரங்கள் புழங்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிட, வாடை தடையின்றி ஏறிவருகிறது. ஒவ்வொரு வடிகாலிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெரும்பாலும் வாடை போயிருக்கும். அதே போல, ஒரு வாரத்துக்கு மேல் திறக்காத குழாய்களையும் ஷவரையும் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். குழாய்க்குள் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகக்கூடும், அதன் சாரலை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தொற்று வரலாம். ஷவரை முதலில் திறக்கும்போது சன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியே நின்றுகொள்ளுங்கள்.

வெந்நீர்க் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. 15 லிட்டர் கொள்ளளவுள்ள ஹீட்டரில் 60 டிகிரியில் இருக்கும் வெந்நீரை, 25 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீருடன் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது அதிகபட்சம் 35 லிட்டர். வாளியில் மொண்டு குளிப்பவருக்கு அது தாராளம். நிமிடத்துக்கு எட்டு பத்து லிட்டர் கொட்டும் ஷவரில் அது ஏறக்குறைய நான்கு நிமிடம்தான் வரும். பிறகு அந்த 15 லிட்டரும் மறுபடி சூடேற, 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். ஆகவே ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவர் உள்ளே நுழைந்தால் அவருக்குக் கிடைப்பது சூடில்லாத தண்ணீர்தான். வீட்டார் விருந்தினருக்கு முன்பே, அரைமணி நேர இடைவெளி விட்டுக் குளித்து முடித்துவிடுவது எளிய தீர்வு. எரிவாயுவில் இயங்கும் ஹீட்டர் குளியலறைக்குள்ளேயே இருந்தால், அதன் புகைபோக்கியும் காற்றுத் துவாரமும் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

துண்டுகளைப் பற்றி ஒரு சொல். விருந்தாளிக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கும் அழகான புதுத் துண்டுகள் பெரும்பாலும் ஈரத்தைத் துடைக்க உதவாதவை, ஏனெனில் ஆலையில் பூசிய மென்மையூட்டி இன்னும் அவற்றில் இருக்கும். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே அவை தண்ணீரை நன்றாக உறிஞ்சும். துவைக்கும்போது நாமும் மென்மையூட்டும் திரவத்தைச் சேர்த்தால் மீண்டும் அதே நிலைதான். ஆளுக்கு ஒரு பெரிய துண்டு, ஒரு சிறிய துண்டு, அவற்றைக் காயப்போட ஒரு கொடி அல்லது கம்பி; இவ்வளவு போதும். புதுச் சோப்பு, பிரிக்காத பல் துலக்கி, பற்பசை, சானிட்டரி நாப்கின், மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவை கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் ஒளிந்திருந்தால் இல்லாததற்குச் சமம். கடைசியாக, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுத் திறந்து பாருங்கள். நமக்குப் பழகிப்போன, சற்றே தூக்கிப் போட வேண்டிய தாழ்ப்பாள் புதியவருக்குப் பெரிய சங்கடத்தை உண்டாக்கும்.

வீடு முழுவதையும் துடைத்துப் பெருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் கருத்து. படுக்கும் அறை, குளியலறை, சமையலறை, இவற்றை இணைக்கும் நடைவழி ஆகியவை சுத்தமாக இருந்தால் போதும். பரணை ஒழிக்கும் வேலையை வேறொரு வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். வீட்டின் வாடை நம் மூக்குக்குப் பழகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. வெளியே அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி, கதவைத் திறந்தவுடன் வரும் முதல் மூச்சில்தான் அது தெரியும். அறை வாசனைத் தெளிப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை வாடையின் மேல் இன்னொரு வாடையைச் சேர்ப்பதோடு, ஆஸ்துமா உள்ளவருக்கு இருமலையும் கிளப்பிவிடும். குப்பையை அகற்றி, சன்னல்களைத் திறந்து குறுக்குக் காற்று ஓடவிட்டாலே போதுமானது.

ஆறு வேளைச் சாப்பாடு

ஒரு தாளை எடுத்து ஆறு வேளைகளையும் வரிசையாக எழுதுங்கள். அவற்றுள் ஒன்றே ஒன்றை மட்டும் விருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு அதற்கு ஏற்றது, ஏனெனில் அன்று யாரும் பயணக் களைப்பில் இல்லை, மறுநாள் சீக்கிரம் எழ வேண்டிய அவசரமும் இல்லை. மற்ற ஐந்தும் எளிய, வீட்டில் வழக்கமாகச் செய்யும் உணவாகவே இருக்கட்டும். ஆறு வேளையும் விருந்து வைத்தால் சனிக்கிழமை மாலையிலேயே விருந்தினருக்கு வயிறு மந்தமாகிவிடும், சமைப்பவருக்கோ உட்கார்ந்து பேச நேரமே இருக்காது.

வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: அது காத்திருக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்பதரைக்கு வரலாம். சூடாக எடுத்து உடனே பரிமாற வேண்டிய பொரித்த பண்டங்களை அன்றைக்கு நினைக்கவே வேண்டாம். பயறும் காய்கறியும் சேர்த்து வேகவைத்த கெட்டியான குழம்பு, சூப், மெதுவாக வேகும் இறைச்சி போன்றவை முந்தின நாளே செய்யக்கூடியவை. மசாலாவின் காரமும் உப்பும் உள்ளே ஊற நேரம் கிடைப்பதால் அடுத்த நாள் சுவை கூடவும் செய்யும். வந்தவுடன் சூடாக்கி, சோறோ ரொட்டியோ சேர்த்துப் பரிமாறினால் பத்தே நிமிடத்தில் சாப்பாடு தயார். மிகவும் தாமதமாக வருபவருக்கு அரை வயிறு சாப்பிடத்தான் மனம் இருக்கும் என்பதால், வற்புறுத்திப் பரிமாறாமல் பாத்திரத்தை மேசையில் வைத்துவிடுவது நலம்.

முன்கூட்டிச் சமைக்கும்போது சுவையைவிடக் கவனிக்க வேண்டியது, சமைத்ததை எப்படி ஆறவைக்கிறோம் என்பதுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவைக் கெடுக்கும் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பெரிய குண்டான் நிறையக் குழம்பை அப்படியே மூடிக் குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளினால், வெளிப்பக்கம் சில்லிட்டாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்தில் இருக்கும் பால் தயிரும் சூடாகிவிடும். அகலமான தட்டையான பாத்திரங்களில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, வேண்டுமானால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் வைத்துக் கிளறி, சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். சோற்றுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை; வெளியே வைத்த சோற்றில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே மிஞ்சிய சோற்றை மேசையில் விட்டுவிட்டுப் பேசப் போய்விடக்கூடாது. குளிரில் வைத்த சமைத்த உணவு மூன்று நான்கு நாள் தாங்கும் என்பதால், வியாழன் இரவு செய்ததை ஞாயிறு மதியம் வரை தயங்காமல் பரிமாறலாம். மறுபடி சூடாக்கும்போது ஓரம் சூடானால் போதாது, நடுவில் 75 டிகிரியைத் தொட வேண்டும். குழம்பானால் தளதளவென்று கொதித்தாக வேண்டும். வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்குங்கள். மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குளிரவைப்பது சரியல்ல.

இவ்வளவும் உள்ளே வைக்க இடம் வேண்டும் என்பதால், புதன்கிழமையே குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பழையவற்றை அகற்றிவிடுங்கள். மூச்சுமுட்ட அடைத்த பெட்டிக்குள் குளிர்காற்று சுற்றி வராது. பச்சை இறைச்சியும் மீனும் ஒரு தட்டில் வைக்கப்பட்டு அடித்தட்டில்தான் இருக்க வேண்டும், அவற்றின் நீர் மற்ற உணவின் மீது சொட்டக்கூடாது. உறைந்த இறைச்சியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து உருகவைக்க இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும் என்பதால், சனிக்கிழமைச் சமையலுக்கானதை வெள்ளிக்கிழமை காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால், நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒரு முறை நீரை மாற்றி உருகவைத்து, உடனே சமைக்கலாம். சமையல் மேடையில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவது மட்டும் கூடாது. உலர்ந்த பயறு வகைகளை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைப்பதையும் இந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள இயற்கை நச்சு அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

விருந்துக்கு, இதுவரை செய்து பார்க்காத உணவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தெரிந்ததையே அளவு கூட்டிச் செய்யும்போதும் சில மாற்றங்கள் உண்டு. நான்கு பேருக்குச் செய்யும் குழம்பை எட்டுப் பேருக்குச் செய்யும்போது தண்ணீரை அப்படியே இரட்டிப்பாக்கினால் நீர்த்துப்போகும். ஆவியாகும் தண்ணீரின் அளவு பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது, உள்ளே இருக்கும் குழம்பின் அளவைப் பொறுத்ததன்று. உப்பையும் மிளகாயையும் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொண்டு, ருசி பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். அரிசியைப் பொறுத்தவரை ஆளுக்கு 75 முதல் 100 கிராம் என்று கொள்ளலாம். வெந்தால் அது ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாகும்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்கு இரண்டே அடுப்புகள் உள்ள சமையலறையில் வேலை எப்படி ஓடும் என்று பார்ப்போம். இறைச்சிக் குழம்போ பயற்றுக் குழம்போ முந்தின நாளே தயாராகிக் குளிரில் இருக்கிறது. குளிரவைத்த இனிப்பும் அப்படியே. காலையில் காய்களை நறுக்கி மூடிவைத்தாயிற்று. மாலை ஆறே முக்காலுக்கு அரிசியைக் கழுவி ஊறவைக்க வேண்டும். ஏழேகாலுக்கு ஓர் அடுப்பில் சோறு, ஐந்து நிமிடம் கழித்து மற்றதில் குழம்பு. ஏழு நாற்பதுக்குச் சோற்றை இறக்கி மூடியபடியே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, காலியான அடுப்பில் காயை வதக்க வேண்டும். சோறு மூடிக்குள் தன் சூட்டிலேயே பதமாகிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் தட்டுகளை எடுத்துவைக்கலாம். ஏழு ஐம்பத்தைந்துக்கு இரண்டு அடுப்புகளும் அணைந்துவிடும். அடுப்பருகில் நிற்கும் நேரம் மொத்தம் முக்கால் மணிக்கும் குறைவு. இப்படிப் பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதினால், எந்த அடுப்பு எப்போது காலியாகும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். மூன்று பாத்திரங்கள் ஒரே நேரத்தில் இரண்டு அடுப்புகளைக் கேட்கும் திட்டமானால் அப்போதே மாற்றிவிடலாம்.

ஒவ்வாமை உள்ளவர் வருகிறாரென்றால், அவருக்கு ஆகாத பொருள் ஏதும் இல்லாத சமையலையே எல்லோருக்கும் செய்வதுதான் பாதுகாப்பான வழி. அது முடியாதபோது அவருக்கானதை முதலில் சமைத்து மூடி எடுத்துவைத்துவிட்டு, பிறகு மற்றதைத் தொடங்க வேண்டும். கத்தி, வெட்டுப்பலகை, கரண்டி, பொரிக்கும் எண்ணெய் எல்லாம் தனி. கடையில் வாங்கிய மசாலாப் பொடி, சாஸ், பிஸ்கட் ஆகியவற்றின் உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு, அந்த உறைகளைத் தூக்கியெறியாமல் வைத்திருங்கள். விருந்தினரே படித்துப் பார்க்க விரும்பலாம். சைவரும் அசைவரும் ஒன்றாக உட்காரும் மேசையில், முக்கிய உணவைச் சைவமாகச் செய்துவிட்டு இறைச்சியைத் தனிப் பாத்திரத்தில் துணை உணவாக வைப்பது சமைப்பவருக்கும் சுலபம், சாப்பிடுபவருக்கும் சங்கடமில்லாதது.

காலை உணவுக்கு யாரையும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்றாக்கிவிடுங்கள். விருந்தினர் நமக்கு முன்பே விழித்துக்கொண்டு, சத்தம் கேட்டுவிடுமோ என்று அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். முந்தின இரவே ஒரு தட்டில் காபித்தூள், தேயிலை, சர்க்கரை, இரண்டு கோப்பைகள், கரண்டி ஆகியவற்றை எடுத்துவைத்து, கெட்டில் எங்கே, பால் எங்கே, அடுப்பைப் பற்றவைப்பது எப்படி என்று காட்டிவிட்டால் அவர் தாமாகவே போட்டுக் குடிப்பார். பழம், ரொட்டி, அவித்த முட்டை, தயிர் போன்று அவரவர் எடுத்துச் சாப்பிடக்கூடியவையாக இருந்தால், ஏழு மணிக்காரரும் பத்து மணிக்காரரும் ஒரே வீட்டில் சிரமமில்லாமல் இருக்கலாம். வேளைக்கு இடையில் பசித்தால் எடுத்துக்கொள்ள ஒரு நொறுக்குத் தீனி டப்பாவை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

“நான் ஏதாவது உதவட்டுமா?” என்று கேட்பவரிடம் “நீங்கள் சும்மா உட்காருங்கள்” என்று சொல்வது உபசாரமாகத் தோன்றினாலும், வேலை செய்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்கும் எளிதன்று. பூண்டு உரிப்பது, காய் நறுக்குவது, தட்டு வைப்பது என்று உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை ஒன்றை அவருக்கென்று விட்டுவையுங்கள். பாத்திரம் கழுவுவதை மட்டும் கொடுக்க வேண்டாம்.

வந்த பிறகும் கிளம்பும்போதும்

வந்தவுடன் வீட்டைச் சுற்றிக்காட்டுவதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அறையையும் குளியலறையையும் காட்டி, எந்தக் குழாயில் வெந்நீர் வரும், ஹீட்டரின் சுவிட்ச் எங்கே என்று சொல்லி, உபரிச் சாவி இருந்தால் கையில் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் தனியே விட்டுவிடுங்கள். இரண்டு நாள்களில் மூன்று மணி நேரமாவது எந்த ஏற்பாடும் இல்லாமல் இருக்க வேண்டும். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான பொழுதை அப்படி விட்டுவிடலாம். குழந்தைகளோடு வருபவரானால், வீட்டிலுள்ள மாத்திரைகள், தரை துடைக்கும் திரவங்கள், பட்டன் பேட்டரிகள் ஆகியவை அவர்கள் வருவதற்கு முன்பே உயரமான தட்டுக்குப் போயிருக்க வேண்டும். நம் வீட்டில் குழந்தைகள் இல்லாத காரணத்தாலேயே இவை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே முடித்துவிட்டால் பெட்டி கட்ட நேரம் கிடைக்கும். பயணத்துக்கு முன் சாப்பிடுவதால் எண்ணெயும் காரமும் குறைவாக இருப்பது நல்லது. வழிக்குக் கொடுத்தனுப்புவதானால் பழம், ரொட்டி, வறுத்த பண்டங்கள் போன்ற எளிதில் கெடாதவையே பொருத்தமானவை. பாலோ இறைச்சியோ சேர்ந்த மிச்ச உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் வைத்திருக்கக்கூடாது என்பதால், ஐஸ் பெட்டி இல்லாவிட்டால் அதைக் கொடுக்காதீர்கள். வண்டி கிளம்புவதற்கு முன் கட்டிலருகே உள்ள பிளக் பாயின்ட், குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கி, தலையணையின் அடிப்பக்கம், மருந்து வைத்த நடுத்தட்டு ஆகிய நான்கு இடங்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சார்ஜர், துணி, கண்ணாடி, மருந்து ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் தங்கிவிடுகின்றன. அன்றிரவு விரிப்புகளையும் துண்டுகளையும் துவைக்கப் போட்டுவிட்டுக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, வியாழக்கிழமை சமைத்ததில் மிஞ்சியிருப்பதைத் திங்கட்கிழமைக்கு மேல் வைத்திருக்காமல் தீர்த்துவிடுங்கள்.